417-ஆம் ஈரல்

அத்தியாயம் 7

புது வருஷப் பண்டிகைக்கு முந்தின நாள் துப்பறியும் அலுவலகத்தின் படியேறுகிறவர்கள் இரண்டே வகை. ஓடிப்போன புருஷனைப் பண்டிகைக்குள் பிடித்துத் தரச் சொல்லும் மனைவிமார்கள் ஒரு வகை. கீழே பூட்ஸ் தைக்கும் கடைக்குப் போக வேண்டிய, படி மாறி வந்தவர்கள் இன்னொரு வகை.

டாக்டர் செவெக்மித் இரண்டிலும் சேரவில்லை. பகல் பன்னிரண்டே காலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து யஞ்ச்மாவின் மேஜையில் வைத்தார்.

"இது ஒருத்தனோட ஈரல். இதுவும் அதே ஆளோட ஈரல். அப்படின்னு என் ஃபைல் சொல்லுது."

யஞ்ச்மா படங்களை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருடம் உலான்பாத்தர் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரின் மச்சினனைக் கைது செய்த புண்ணியத்தில் சொந்தத் தொழிலுக்கு வந்தவள். முதல் படத்தின் மூலையில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. இரண்டாவதில் இல்லை. இரண்டு படத்தின் தேதிக்கும் இடையே மூன்று வாரம்.

"மூணு வாரத்துல கட்டி கரைஞ்சுபோச்சா?"

"ஆத்துல இருக்கிற ஐஸ் கரையும். இது கரையாது."

"பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கும் டாக்டர்," என்றான் தேநீர்க் கெட்டிலோடு நின்ற கந்துல்கா. யஞ்ச்மாவின் உதவியாளன், இருபத்தேழு வயது. கார் ஓட்டுவது, தேநீர் போடுவது, வாயை மூடாமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே சம்பளம் வாங்குகிறவன்.

டாக்டர் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

"எங்க ஆராய்ச்சியில அறுநூறு பேர் இருக்காங்க. நம்ம ஊர்ல ஈரல் கெட்டு ஆளை இழக்காத வீடு ஏது? பி கிருமி ஒரு பக்கம். அது முதுகுல ஏறி சவாரி வர்ற டெல்டா கிருமி இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ந்தா ஈரல் சத்தம் போடாம கெடும். வலி தெரியும்போது நேரம் போயிருக்கும். அதனால ரத்தத்துல மூணு அடையாளத்தைச் சேர்த்துப் பார்த்து, கட்டி சின்னதா இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியுமான்னு பார்க்கிறோம். 417-ஆம் நம்பர் ரத்தம் காட்டிக்கொடுத்துச்சு. ஸ்கேன் பண்ணினா ரெண்டு சென்டிமீட்டர் கட்டி."

"ஆளைக் கூப்பிட்டீங்க."

"கூப்பிட்டோம். சம்பில்னு ஒரு லாரி டிரைவர். நேத்து வந்தான். மறுபடி ரத்தம், மறுபடி ஸ்கேன். ஆட்டுக்குட்டி ஈரல் மாதிரி சுத்தமா இருக்கு. கிருமியே கிடையாது. ஆனா மூணு வாரம் முந்தி வந்ததும் நான்தான்னு சத்தியம் பண்றான். நான்தான் ரத்தத்தை மாத்திட்டேன்னு எங்க குழு முடிவு பண்ணியாச்சு."

"நீங்க மாத்தலியா?"

"ரத்தம் பிடிச்ச டியூபை மாத்தலாம் அம்மா. ஸ்கேன் படத்தையும் சேர்த்தா மாத்துவேன்?" டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வந்தவன் வேற ஆள். அவன் பேரு, ஊரு எதுவும் என்கிட்ட இல்ல. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியலை மூடறாங்க. அதுல பேர் இருந்தா பண்டிகை முடிஞ்ச மறுநாளே ஆபரேஷன், செலவு ஆராய்ச்சியோடது. ஆள் நேர்ல வரணும், ஸ்கேன் பொருந்தணும், கையெழுத்து போடணும். வரலேன்னா 417 பிழைன்னு ஒரு கோடு போட்டு அடிச்சுடுவாங்க. எங்கேயோ ஒருத்தன் இந்நேரம் சந்தோஷமா பூஸ் கொழுக்கட்டை பிடிச்சிட்டிருப்பான். இப்ப வெட்டினா பிழைச்சுக்குவான். கோடைக்கு வந்தான்னா நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

யஞ்ச்மா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கூலி என்னவென்று கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷனுக்கு ஒரு டாக்டர் இப்படிப் படம் காட்டினார். அதில் வட்டமெல்லாம் இல்லை, படம் முழுக்கவே கறுப்பு. அன்றிலிருந்து ஈரல் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

"கந்துல்கா, வண்டியை எடு."

பதில் ஜோக் வரவில்லை. அவன் கெட்டிலைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான், மேஜை காலியாகத்தான் இருந்தது.

"அக்கா, இன்னிக்கு பிதூன், வருஷத்தோட கடைசி ராத்திரி. பொழுது சாயறதுக்குள்ள அவனவன் அவனவன் வீட்டுல இருக்கணும். பண்டிகை முடிஞ்சு பார்க்கலாமே."

"ஆறு மணின்னு இப்பதானே சொன்னார்? காது எங்கே போச்சு?"

"குளிருல விழுந்திருக்கும். தேடிட்டு வரேன்," என்று சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

* * *

மைனஸ் இருபத்தேழு. ஊரின் மேல் நிலக்கரிப் புகை போர்வையாகக் கிடந்தது. மருத்துவமனை வாசலில் கந்துல்கா வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இன்ஜினை அணைச்சா மறுபடி உயிர் வராது. நீங்க போயிட்டு வாங்க, நான் இதுக்குத் தாலாட்டுப் பாடிட்டிருக்கேன்."

ஸ்கேன் அறையில் உயாங்கா என்ற பெண், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு கையில் கோட்டை மாட்டியிருந்தாள். இன்னொரு கையை யஞ்ச்மா பிடித்து நிறுத்திவிட்டாள்.

"417. மூணு வாரம் முந்தி. முகம் ஞாபகம் இருக்கா?"

"முகத்தை எங்கே பார்த்தேன் அக்கா? இந்தப் புகையில ஊரே மாஸ்க் போட்டுட்டுத் திரியுது. நான் பார்க்கிறது வயித்தைத்தான்."

"அடையாள அட்டையைப் பார்க்கலியா?"

"அட்டை சரியா இருந்துச்சு. அட்டையில மாஸ்க் இல்ல, ஆள்கிட்ட இருந்துச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அவனை மறக்க முடியாது. அன்னிக்கு ஜெல்லைச் சூடாக்கிற பெட்டி கெட்டுப்போயிருந்துச்சு. அப்படியே ஐஸ் மாதிரி தடவிட்டேன். துள்ளிட்டான். 'ஏன் அக்கா, ஆட்டைக் கீறி உள்ளே கையை விட்டு உயிரை எடுக்கிறவன்கூட முதல்ல கையைச் சூடு பண்ணிக்குவானே, நான் ஆட்டைவிடக் கேவலமா?'ன்னு கேட்டான். கட்டியைப் பார்த்துட்டேன் நான். அவன் சிரிச்சிட்டிருக்கான். எனக்குச் சொல்ல அனுமதி இல்ல. வெளியே போய் அழுதேன்."

யஞ்ச்மாவும் சிரிக்கவில்லை. அந்தக் கேலியை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. யாரிடம், எப்போது என்பது பிடிபடவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி நாராக அது உறுத்திக்கொண்டே வந்தது.

மணி ஒன்றே முக்கால்.

* * *

சம்பில் நகரத்தின் கிழக்கு விளிம்பில், டயர் கடை ஒன்றில் லாரிக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். அங்கே போய்ச் சேரவே இரண்டே முக்கால் ஆகிவிட்டது. ஊரில் கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் கடைசி நிமிட மாவும் மாமிசமும் வாங்க ஒரே சாலையில் இறங்கியிருந்தார்கள்.

கந்துல்கா தகரக் கதவின் முன்னால் நின்று, "நாயைப் பிடிங்க!" என்று கத்தினான். புது வாசல் எதுவானாலும் இந்த ஊர்க்காரனுக்கு வணக்கத்துக்கு முன்னால் வருவது இதுதான்.

"இது டயர் கடைடா."

"டயர் கடைக்காரனுக்கும் பல்லு இருக்குமே அக்கா."

சம்பிலுக்கு இருபத்தாறு வயது. தோள் அகலம், குரல் மட்டும் சின்னது. யஞ்ச்மா அவனுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை.

"மூணு வாரம் முந்தி ஸ்கேனுக்குப் போனது நீதானே?"

"நான்தான்."

"எந்தக் கையில ரத்தம் எடுத்தாங்க?"

"இடது."

"வயித்துல ஏதோ தடவினாங்களே, எப்படி இருந்துச்சு?"

"வழவழன்னு, வெதுவெதுன்னு. ரொம்ப இதமா."

"நேத்து தடவினது வெதுவெதுன்னு இருந்திருக்கும். மூணு வாரம் முந்தி தடவினது ஐஸ். அன்னிக்கு மெஷின் கெட்டுப்போயிருந்துச்சு, தம்பி. அந்த வயித்துக்குச் சொந்தக்காரன் இன்னிவரைக்கும் மறந்திருக்க மாட்டான்."

சம்பில் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தான். அதற்கு அப்பால் போக இடமில்லாதவன் போல லாரியின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான்.

"கொரியாவுல வேலை அக்கா. ஈரல் சுத்தம்னு பேப்பர் வேணும்னு ஏஜென்ட் சொன்னான். ஆராய்ச்சியில சேர்ந்தா இலவசமா எழுதித் தருவாங்கன்னாங்க. எங்கப்பா ஈரல்ல போனார். பெரியப்பா ஈரல்ல போனார். எனக்கும் இருக்கும்னு அம்மாவுக்குப் பயம். அதான் அம்மா வேற ஆளை அனுப்பினாங்க. நான் அப்ப கோபிப் பாலைவனத்துல, நிலக்கரி லோடோட எல்லையில வரிசையில நிக்கிறேன்."

"கடைசியில உன் ஈரல்தான் சுத்தம்."

"ஆமா அக்கா." அவன் குரல் இன்னும் சின்னதாகியது. "நேத்து அதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அப்ப அது யாருதுன்னு நினைப்பு வந்துச்சு. ராத்திரி தூங்கல."

"யாரு அவன்?"

"சத்தியமா தெரியாது. அம்மாவைத்தான் கேக்கணும்."

கந்துல்கா அவ்வளவு நேரமும் கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு பழைய டயரை உதைத்துக்கொண்டிருந்தான். "அப்பாவுக்குப் பிறந்த பையனுக்கு அப்பாவோட ஈரல் வரல, முன்னபின்ன தெரியாதவனுக்கு வந்திருக்கு," என்றான். "தபால்காரன் வீடு மாத்திப் போட்டுட்டான் போல."

யஞ்ச்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கேலி பழைய மாதிரிதான் இருந்தது. உதைதான் பலமாக இருந்தது.

* * *

வண்டி வடக்கு மேட்டில் ஏறியது. பலகை வேலிகளும் கூடாரங்களும் நெருக்கியடித்த சந்துகள், ஒவ்வொரு குழாயிலும் புகை. மணி மூன்று ஐம்பது. யஞ்ச்மா தன் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டே வந்தாள். கந்துல்கா நிறுத்தாமல் பேசினான். பாம்பு வருடத்தில் பிறந்தவன் குதிரை வருடத்தில் கல்யாணம் பண்ணலாமா என்பதில் தொடங்கி, தன் அம்மா பிடித்துக் குவித்திருக்கும் ஐந்நூறு பூஸ் வரைக்கும் வந்தான். இரண்டு முறை தவறான சந்தில் திரும்பினான். பதினொரு மாதமாக இந்த மேட்டில் அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தவன், ஒரு முறைகூட வழி தவறியதில்லை.

சம்பிலின் அம்மா வீட்டு வேலி ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. கந்துல்கா முன்னால் போய்க் கதவைத் தள்ளினான்.

"பார்த்து வாங்கக்கா, வாசல்ல வழுக்கும்."

முற்றத்தில் காலியான நாய்க்கூடு. சங்கிலி பனியில் பாதி புதைந்து கிடந்தது. யஞ்ச்மா பூட்ஸைத் தட்டிவிட்டுக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைவதற்குள் கந்துல்கா உள்ளே போய், கதவோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டிருந்தான்.

நோர்ஜின் என்ற அந்த அம்மாள் மாவும் கையுமாக எழுந்தாள். அடுப்பைச் சுற்றிலும் தட்டுத் தட்டாகக் கொழுக்கட்டைகள். உப்புப் போட்ட பால் தேநீரை ஊற்றி, முழங்கையைத் தாங்கிப் பிடித்து இருவருக்கும் நீட்டினாள். விஷயத்தைச் சொன்னதும் மறுக்கவில்லை. பண்டிகை வாசலில் நிற்கும்போது பொய் சொல்லத் துணிகிறவள் இல்லை.

"ஆள் அனுப்பினது உண்மைதான். பேரைக் கேக்காதே தங்கச்சி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"எப்படிப் பிடிச்சீங்க அந்த ஆளை? அதையாவது சொல்லுங்க."

"எங்க சந்துல எந்த வீட்டுல அப்பன் இருக்கான்? எல்லாரும் ஈரல்ல போனவங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரும் உயிரோட நடமாடற பையனா தேடினேன். அப்படிப்பட்டவன் கையாலதானே கல்யாணப் படுக்கை விரிக்கச் சொல்றோம்? அவன் தொட்டா நல்லது நடக்கும். அவன் உடம்பும் நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சேன். கீழ்ச் சந்துல ஒரு கல்யாணத்துல படுக்கை விரிச்சான், அங்கே பார்த்தேன். காசு வேண்டாம்னுட்டான். கொழுப்பு வாலோட ஒரு ஆட்டு முதுகு கொடுத்தேன், அவங்க வீட்டுப் பண்டிகைத் தட்டுக்கு."

"அக்கா," என்றாள் யஞ்ச்மா மெதுவாக. "அந்தப் பையன் ஈரல்ல ரெண்டு சென்டிமீட்டர் கட்டி இருக்கு. புத்துநோய். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அவனைக் கூட்டிட்டுப் போனா வெட்டி எடுத்துடலாம்."

நோர்ஜினின் கண் யஞ்ச்மாவின் முகத்தில் நிற்கவில்லை. தோளைத் தாண்டிக் கதவோரம் போனது. சட்டென்று கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், "தம்பி, இன்னும் கொஞ்சம் டீ..." என்று கந்துல்காவின் கிண்ணத்தில் ஊற்றினாள். கிண்ணம் நிறைந்துதான் இருந்தது. தேநீர் வழிந்து அவன் முழங்காலில் கொட்டியது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

யஞ்ச்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

* * *

கந்துல்கா பின்னாலேயே வந்து வேலிக் கதவைச் சாத்தினான்.

"கிழவி வாயைத் திறக்க மாட்டா அக்கா. வீட்டுக்குப் போகலாம். மணி நாலரை ஆச்சு."

"கந்துல்கா."

"சொல்லுங்க."

"உள்ளே போகும்போது 'நாயைப் பிடிங்க'ன்னு ஏன் கத்தல?"

"தொண்டை கட்டிடுச்சு."

"டயர் கடைக்குக் கத்தினே. போன மாசம் மூணாவது மாடி ஃபிளாட்டுக்குப் போனோம், அங்கேயும் கத்தினே. பொறந்ததுலேருந்து பழகின வாய்டா அது. முன்னே பின்னே போகாத வீடு, ஆளுயர வேலி, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. நீ பாட்டுக்குக் கதவைத் தள்ளிட்டுப் போறே."

"அந்த நாய்தான் செத்துப்போச்சே அக்கா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது. வாயிலிருந்து வந்த ஆவி முகத்தின் முன்னால் நின்று கலைந்தது.

யஞ்ச்மா விரலை மடக்கினாள். "ஆஸ்பத்திரிக்குள்ள வரல, அந்தப் பொண்ணு குரலை அடையாளம் கண்டுக்குவான்னு. தெரிஞ்ச மேட்டுல ரெண்டு தடவை வழி தவறினே. ஆட்டுக்குள்ள கை விடற ஜோக்கை நான் இதுக்கு முந்தி கேட்டிருக்கேன்டா. போன வருஷம் எனக்கு நெஞ்சு வலின்னு கூட்டிட்டுப் போனியே, அந்த டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொன்னே."

அவன் பனியைப் பார்த்தான். "நல்ல ஜோக் அது. ரெண்டு தடவை சொல்லலாம்."

"மத்தியானமே தெரியுமா?"

"அந்த டாக்டர் சம்பில் பேரைச் சொன்னப்பவே தெரியும். அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. சும்மா அஞ்சு நிமிஷ வேலை, ஒரு ஆட்டு முதுகுன்னுதான் போனேன்." பேசப் பேச அவன் குரலில் இருந்த கேலி ஒவ்வொரு சொல்லாகக் கழன்றது. "ஆறு மணி தாண்டட்டும்னு பார்த்தேன் அக்கா."

"சாக அவ்வளவு அவசரமா?"

"எங்கம்மா காலையிலேருந்து ஏழு தடவை போன் பண்ணிட்டா. பிதூன் அன்னிக்கு இந்த வார்த்தையை வாயில வெச்சுக்கிட்டு எப்படி வாசப்படி தாண்டறது? வருஷம் பூரா அந்த வீட்டுல இதுவே தங்கிடும். நாலு நாள்தானே. பண்டிகை முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு..."

யஞ்ச்மா கையுறையோடு அவன் தோளில் ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

"என் புருஷன் ரோமம் வெட்டி முடியட்டும்னான். அப்புறம் நாதம் திருவிழா முடியட்டும்னான். அப்புறம் ஆடெல்லாம் குட்டி போடட்டும்னான். எல்லாம் முடிஞ்சுது, அவனும் முடிஞ்சான். உனக்கும் நான் பால் தெளிச்சு வழியனுப்பணுமா?" அழுகை வந்துவிட்டது, அந்தக் குளிரில் இமைமயிர் ஒட்டிக்கொண்டது. கோபமும் பயமும் ஒன்றாக வந்தால் எதை முதலில் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளை இல்லாத அவள் வீட்டில் இவன் ஒருத்தன்தான் சத்தம் போட்டுக்கொண்டு நுழைகிறவன். "சாவியைக் கொடு."

"நீங்க ஓட்டினா கட்டிக்கு முந்தி நான் போயிடுவேன்."

"கொடுடா!"

* * *

ஐந்து மணிக்கு அமைதிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிக்கினார்கள். முன்னால் நாற்பது கார், பின்னால் நாற்பது கார், எல்லோர் மடியிலும் பலகாரப் பெட்டி. ஐந்து பதினைந்துக்கு நாற்பது கார்களும் அதே இடத்தில்தான் நின்றன. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

யஞ்ச்மா வண்டியை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினாள். "இறங்கு."

"இன்ஜின்..."

"சாகட்டும். இறங்கு!"

ஓடினார்கள். பனியில் சறுக்கி, ஆட்டு முதுகைத் தோளில் சுமந்து போன ஒருவனை இடித்து, அவன் திட்டியதை முழுசாகக் கேட்க நேரமில்லாமல் ஓடினார்கள்.

"புத்து நோயாளியை ஓட விடறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று மூச்சுவாங்கினான் கந்துல்கா.

"பேசாம ஓடு."

"பேசலேன்னா பயமா இருக்கு அக்கா."

அவள் ஓட்டத்தை நிறுத்தாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப பேசிட்டே ஓடு."

ஐந்து முப்பத்தெட்டுக்கு ஸ்கேன் அறைக் கதவைத் தள்ளினார்கள். உயாங்கா வீட்டுக்குப் போயிருந்தாள். டாக்டர் செவெக்மித்தே கோட்டோடு ஸ்கேன் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். யஞ்ச்மாவைப் பார்த்தார், மத்தியானம் தேநீர்க் கெட்டிலோடு நின்ற பையனைப் பார்த்தார், புரிந்துகொண்டார். படுக்கையைக் காட்டினார்.

ஜெல் வெதுவெதுப்பாக இருந்தது. கந்துல்கா கண்ணை மூடிக்கொண்டான். திரையில் சாம்பல் நிறம் அசைந்தது, நின்றது. அதே மூலையில், அதே வட்டம்.

"நீதான்," என்றார் டாக்டர். "வளரல. மூணு வாரத்துல ஒரு நூல்கூட வளரல. வெட்டி எடுத்துடலாம் தம்பி."

"அந்த டிரைவர் பையனோட கொரியா வேலை?"

"பொய் சொன்னதுக்கு அவனை நாலு கேள்வி கேப்பேன். அப்புறம் சுத்தம்னு நானே எழுதித் தருவேன், அது உண்மைதானே. நீ கையெழுத்தைப் போடு."

கந்துல்கா போட்டான். டாக்டர் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் வெறும் கட்டங்கள் இருந்தன.

"இது குடும்பத்துக்கு. பி கிருமி பெரும்பாலும் பொறக்கும்போதே அம்மாகிட்டேயிருந்து வர்றது. உனக்கு இருக்குன்னா அவங்களுக்கும் இருக்கலாம். ஆறு மணி வரைக்கும் யாரை எழுதினாலும் இந்த ஆராய்ச்சியில அவங்களுக்கும் எல்லாச் செலவும் உண்டு. அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. அப்பாவும் இருக்கார். அதுக்குத்தானே எனக்கு ஆட்டு முதுகே கிடைச்சுது." அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன் டாக்டர். இன்னிக்கு வேண்டாம்."

மேஜைமேல் அவனுடைய போன் அதிர்ந்தது. எட்டாவது தடவை. யஞ்ச்மா அதை எடுத்து அவன் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"டேய், எங்கேடா இருக்கே?" தெஜித் அம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. பின்னால் ஆவிச் சட்டியின் மூடி படபடத்தது. "பொழுது சாஞ்சாச்சு. பிதூன் அன்னிக்கு வெளியில நின்னா வருஷம் பூரா நாயா அலைவே. அப்பா தட்டுக்கு முன்னால உட்கார்ந்துட்டு எழுந்திருக்க மாட்டேங்கிறார். வர்றியா, இல்லியா?"

"அம்மா." அவன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "நான் ஆஸ்பத்திரியில இருக்கேன். ஈரல் டாக்டர்கிட்ட."

அந்தப் பக்கம் சட்டி மூடி மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு தெஜித் அம்மாள் பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"சொல்லிட்டாரா உங்கப்பா? பண்டிகை முடியற வரைக்கும் பையன் காதுல போடாதீங்கன்னு அந்த மனுஷன்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன். ரெண்டு மாசமா நானே வாயைக் கட்டிட்டு இருக்கேன், அவரால நாலு நாள் இருக்க முடியல." ஒரு பெருமூச்சு. "எனக்கொண்ணும் இல்லடா. லேசா வலி, அவ்வளவுதான். நல்ல நாளும் அதுவுமா எனக்காக நீ ஏன் டாக்டர் வாசல்ல போய் நிக்கிறே? வீட்டுக்கு வா கண்ணு."

கந்துல்காவின் வாய் திறந்தபடியே இருந்தது. அந்த வாயில் ஒரு சொல்லும் இல்லாததை யஞ்ச்மா அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். டாக்டர் பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார். சுவரில் மணி ஐந்து ஐம்பத்தொன்று.

அவன் பேனாவை எடுத்து முதல் கட்டத்தில் அம்மாவின் பெயரை எழுதினான். அடுத்த கட்டத்தில் நின்றான்.

"அம்மா," என்றான். "நீ எந்த வருஷம் பொறந்தே? சீக்கிரம் சொல்லு."